டாஷ்போர்டு தண்ணி தருமா?

ஸ்மார்ட் சிட்டின்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது சென்சார், கேமரா, பெரிய திரைகளோட ஒரு கன்ட்ரோல் ரூம். 2015-ல மத்திய அரசு ஆரம்பிச்ச ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல 100 நகரங்கள். தமிழ்நாட்டுல மட்டும் 11. இதெல்லாம் நம்ம ஊரை அடுத்த தலைமுறையும் வாழற மாதிரி வெச்சிருக்குமா? இன்னைக்கு தண்ணியை மட்டும் வெச்சுப் பார்ப்போம்.

2019 கோடை. சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் ஏறக்குறைய வறண்டு போச்சு. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வந்தது.

டேட்டா இல்லாததாலயா இப்படி ஆச்சு? இல்ல. ஏரியில எவ்வளவு தண்ணி இருக்குன்னு குடிநீர் வாரியம் தினமும் இணையதளத்துல போடுது. மட்டம் இறங்கறது எல்லாருக்கும் தெரியும். சர்வர் திணறுதுன்னு டாஷ்போர்டு சிவப்பா காட்டினா மட்டும் சர்வர் சரியாகிடாது. யாராவது எழுந்து ஏதாவது செய்யணும். அதே கதைதான்.

இன்னொண்ணு, ஏரியை அளந்தோம், வீட்டுக் குழாயை அளக்கல. அப்போ பெரும்பாலான வீடுகள்ல வாட்டர் மீட்டர் கிடையாது. ஒரு குடம் பிடிச்சாலும் தொட்டி நிரப்பினாலும் கட்டணம் ஒண்ணுதான். மிச்சம் பிடிச்சா லாபமில்ல, வீணாக்கினா நஷ்டமில்ல. கஷ்டப்பட்டது, லாரிக்குப் பணம் கொடுக்க முடியாம குடத்தோட தெருவுல நின்னவங்க.

இப்போ 2003-க்குப் போவோம். எல்லாக் கட்டடத்துலயும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்துச்சு. ஆப் இல்ல, சென்சார் இல்ல. குழாய், ஜல்லி, மணல், ஒரு குழி. ஆனா கெடு இருந்துச்சு. செய்யலைன்னா தண்ணி இணைப்பு போயிடும்னு எச்சரிக்கையும் இருந்துச்சு. அதனால வீடு வீடா வேலை நடந்துச்சு. மழை பெஞ்சதும் பல இடங்கள்ல நிலத்தடி நீர் ஏறுச்சு. அப்புறம் கவனிக்காம விட்ட இடங்கள்ல குழி தூர்ந்தும் போச்சு.

அப்போ டெக்னாலஜி உதவுமா? கண்டிப்பா உதவும். எந்தக் குழாய் ஒழுகுதுன்னு சென்சார் சொல்லும். ஆனா அதை எத்தனை நாள்ல, யார் அடைக்கணும்னு ஒரு விதி வேணும். அந்த விதி இல்லாத ஸ்மார்ட் சிட்டி, பஞ்சத்தை ஹெச்டி-யில காட்டும். அவ்வளவுதான்.

உங்க அபார்ட்மென்ட்ல லாரித் தண்ணிச் செலவைச் சதுர அடிக் கணக்குலயா பிரிக்கறாங்க? அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல, வீட்டுக்கு ஒரு மீட்டர் வைக்கலாமான்னு கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதைப் பேசுவோம்.