வலியும் வாய்ச்சொல்லும்



மொழிக்குரிய மேடையில் மருத்துவம் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். சொல்லே மருந்தாகும் சிகிச்சையைப் பற்றிய பேச்சு என்பதால் பேசலாம் எனத் துணிந்தோம்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், அறுபது வயதைக் கடந்த முன்னாள் படைவீரர் 126 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2024இல் வெளிவந்தது. அனைவரும் நாள்பட்ட வலியால் வருந்தியவர்கள். ஒரு சாராருக்கு, வலியோடு வாழப் பழக்கும் வழக்கமான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அளிக்கப்பட்டது. மறுசாராருக்கு, அடக்கிய உணர்ச்சிகளை அறிந்து வெளிப்படுத்தும் சிகிச்சை அளிக்கப்பட்டது. முன்னவருள் 17 விழுக்காட்டினருக்கும் பின்னவருள் 63 விழுக்காட்டினருக்கும் வலியில் முப்பது விழுக்காடோ அதற்கு மேலோ தணிந்தது. ஆறு மாதங்களுக்குப் பின் அவ்வெண்கள் 14, 41 என இறங்கின. ஆயினும் இடைவெளி மறையவில்லை. ஓரிடத்து ஆய்வு என்பதையும் நாம் மறத்தலாகாது.

இச்சிகிச்சையில் நடப்பதென்ன? வலி தொடங்கிய காலத்தில் வாழ்வில் நிகழ்ந்தவை யாவை என்று முதலில் வினவுகின்றனர். பின்னர், தம்மை வருத்தியவரோ தாம் இழந்தவரோ எதிரில் இருப்பதாகக் கொண்டு, அன்று சொல்லாததை இன்று உரக்கச் சொல்லுமாறு தூண்டுகின்றனர். சினம் வரும், அதனடியில் துயரமும் குற்றவுணர்வும் வரும், இறுதியில் தம்மீதே இரக்கம் பிறக்கக்கூடும். இதனால் அவ்வலி கற்பனை என்றாகிவிடாது. காயம் ஆறிய பின்னும் மூளை அபாய மணியை நிறுத்தாதிருப்பதே பலருக்கு வலியாகிறது. அச்சமும் அடக்கிய சினமும் அம்மணியை மேலும் ஒலிக்கச் செய்கின்றன. எலும்பு முறிவுக்கும் புற்றுநோய்க்கும் உரிய மருத்துவம் வேறு.

பழந்தமிழில் ‘வலி’ என்பது வலிமையையும் குறித்தது. வாய் திறவாமையே வலிமை எனப் பயிற்றப்பட்ட படைவீரரிடம் அவ்விரு பொருளும் ஒன்றாகிவிட்டன போலும்! தொல்காப்பியரோ மெய்ப்பாடுகள் எட்டனுள் பெருமிதத்தோடு அழுகையையும் அச்சத்தையும் வெகுளியையும் வைத்தார். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு. நம் வகுப்பறைகளிலோ இவ்வெட்டும் தேர்வுக்குரிய பட்டியலாக நின்றுவிடுகின்றன. மாணவர் தம் துன்பம் அனைத்தையும் ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் ஒரு சொல்லுள் அடைத்துவிடுகின்றனர்.

நம் முதியோர் பலர்க்கு மருத்துவரிடம் மொழிபெயர்ப்போர் பேரப்பிள்ளைகளே. “தாத்தா போனதிலிருந்து மனசும் நோகுது, முட்டியும் நோகுது” என்று பாட்டி சொல்ல, மருத்துவர் செவிக்கு முட்டிவலி மட்டுமே போய்ச் சேர்கிறது.