மேட்டில் டிராக்டர் திணறினால்
(கொடுமுடி விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



உழவியல் கற்பிக்கிறவன் டிராக்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரவைக்குச் சேர்த்துவிடுங்கள் என்று உங்களிடம் சொல்லி வருகிறவர்கள் நாங்கள்தான். நேரம் தாழ்ந்தால் கரும்பின் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். காலிங்கராயன் வாய்க்காலுக்கும் காவிரிக்கும் நடுவே உள்ள வயலில் வெட்டிய கரும்பு, வாய்க்கால் கரை மேடேறித்தானே ரோட்டுக்கு வர வேண்டும்? டிராக்டர் அந்த மேட்டில் நின்றுவிட்டால் நஷ்டம் கரும்புக்குத்தான்.

"தரையில் நன்றாக ஓடுகிறது, மேட்டில்தான் இழுவை இல்லை" என்று பலரும் சொல்கிறீர்கள். ஒரு கணக்குப் பாருங்கள். 6 டன் பாரம், டிராக்டரின் எடை 2 டன், ஆக 8 டன். 20 அடிக்கு 1 அடி ஏறும் மேடு என்றால், ஏற்றத்துக்கு மட்டும் 400 கிலோ கூடுதல் இழுவிசை வேண்டும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் இதற்கே ஏறக்குறைய 15 குதிரைத்திறன் செலவாகும். மண் பாதையில் சக்கரம் உருள்வதற்கு ஆகும் திறன் தனி. 35 குதிரைத்திறன் டிராக்டர் ஏறத்தாழ முழுத் திறனையும் கொடுத்தாக வேண்டிய இடம் அது. ஆகவே, சமதரையில் ஒளிந்திருக்கும் சின்னக் கோளாறும் அங்கே வெளிப்பட்டுவிடும்.

முதலில் காதைத் தீட்டிக் கொள்ளுங்கள். இன்ஜின் இரைச்சல் ஏறுகிறது, வண்டி நகரவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இன்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்ஜின் சத்தமே இறங்கித் திணறினால் அடுத்து புகையைப் பாருங்கள்.

கரும்புகை கக்கினால், வருகிற டீசலை எரிக்கப் போதுமான காற்று இல்லை, அல்லது பாரம் அதிகம் என்று பொருள். ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். கரும்புத் தோகைத் தூசியும் பாதைப் புழுதியும் சேர்ந்து, எண்ணெய்க் கிண்ணத்தின் அடியில் சேறாகப் படிந்திருக்கும். அறுவடைக் காலத்தில் இதைத் தினமும் பார்க்க வேண்டும். குறியிட்ட மட்டத்துக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். மிகுந்த எண்ணெயை இன்ஜின் உறிஞ்சிவிடும். காற்றுப் பாதை சுத்தமாக இருந்தும் கரும்புகை நிற்காவிட்டால் நாசிலைச் சோதிக்கக் கொடுங்கள்.

புகையே அதிகமில்லை, ஆனாலும் இழுவை இல்லை என்றால், டீசல் போதுமான அளவு வரவில்லை. பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். பாதி அடைத்த ஃபில்டர் தரையில் ஓடுவதற்கு வேண்டிய டீசலை விட்டுவிடும். மேட்டில் கேட்கும் அளவை விடாது. ஃபில்டரை மாற்றுமுன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வண்டியைத் தரையில் நிறுத்தி டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், அதன்பின் இழுவை திரும்பினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு சின்னக் கம்பி போதும். அது இல்லையென்றால், ஃபில்டர் கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, ஃபில்டரை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். பேரலில் டீசல் வைத்திருப்பவர்கள் அடி வண்டலைக் கலக்கி டேங்கில் ஊற்றுவதை நிறுத்தினாலே பாதித் தொல்லை தீரும்.

நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். அது மெக்கானிக் பார்க்க வேண்டியது. சூடேறிய பிறகும் வெண்புகை வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். டிரெய்லர் சக்கரத்தின் நடுக்குடத்துக்கு அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக்கோ பேரிங்கோ பிடிக்கிறது. இன்ஜின்மேல் பழி போடும் முன் இதையும் பார்த்துவிடலாம்.

பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டி வைத்தால் இழுவை வரும் என்று சொல்பவர்கள் உண்டு. காற்று போதாத இன்ஜினுக்கு மேலும் டீசலைக் கொடுத்தால் புகையும் சூடும்தான் கூடும். இதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். 2023 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு டிரெம் 4 மாசு விதி வந்திருக்கிறது. அத்தகைய வண்டிகளில் டீசல் மிக அதிக அழுத்தத்தில் ஓடும். இன்ஜின் ஓடும்போது குழாய் நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்துவிடும். அவற்றை விற்பனையாளரின் பணிமனைக்கே கொண்டு போங்கள்.

மேட்டைத் தொடுமுன்பே தாழ்ந்த கியரைப் போட்டுக் கொள்ளுங்கள். நடு மேட்டில் கியர் மாற்ற முயன்றால் பாரம் பின்னுக்கு இழுக்கும். நின்றுவிட்டால் நியூட்ரல் போடாதீர்கள். இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கியால் இணைத்து அழுத்திப் பிடித்து, பக்கவாட்டில் நின்றபடி டிரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைக்கச் சொல்லுங்கள். வேறு வண்டியைக் கொண்டு இழுக்க நேர்ந்தால் சங்கிலியைக் கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். அச்சுக்கு மேலே கட்டினால் முன்சக்கரம் தூக்கி, டிராக்டர் ஓட்டுகிறவர் மேலேயே கவிழ்ந்துவிடும்.