கோலின்ஸின் கடிதமும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும்

(கம்பத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜேன் ஆஸ்டினைப் பற்றிப் பேசக் கூப்பிட்டபோது கொஞ்சம் தயங்கினேன். 1775இல் பிறந்து 1817இல் இறந்துபோன ஆங்கிலேயப் பாதிரியார் ஒருவரின் மகள். எழுதியதெல்லாம் பண்ணை வீடு, விருந்து, நடனம், கல்யாணப் பேச்சு. விடியும் முன்பே ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் பெண்கள் வாழ்கிற இந்தப் பள்ளத்தாக்கில் அவருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது ஒரு வகுப்பு அதை மாற்றியது.

1813இல் வந்த 'பிரைடு அண்ட் பிரிஜுடிஸ்' நாவலில் கடைசிப் பெண் லிடியா, விக்ஹாம் என்ற ராணுவ அதிகாரியோடு ஓடிப்போகிறாள். உறவுக்காரரான பாதிரியார் கோலின்ஸ், அவளுடைய அப்பாவுக்கு ஆறுதல் கடிதம் எழுதுகிறார். இதைவிட மகள் இறந்திருந்தால் தேவலாம் என்பதுதான் அந்த ஆறுதலின் சாரம். இது நகைச்சுவை என்று பேராசிரியர் விளக்கினார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்த மகள் உயிரோடு இருக்கும்போதே, அவள் படத்தைப் போட்டு 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டி ஒட்டும் ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. "தலைமுழுகிட்டோம்" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அது சாவு வீட்டுச் சொல். கோலின்ஸ் நமக்குப் பழகிய ஆள்தான்.

ஆஸ்டினை இன்றும் ஏன் படிக்கிறார்கள்? காதல் கதை என்பதால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. காதலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கை அவர் மறைப்பதில்லை. டார்சிக்கு ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு. பென்னட் வீட்டில் ஐந்தும் பெண்கள். ஆண் வாரிசு இல்லாததால் அப்பாவுக்குப் பிறகு பண்ணையும் வீடும் கோலின்ஸுக்குப் போய்விடும். 27 வயது ஷார்லட், கோலின்ஸ் ஒரு முட்டாள் என்று தெரிந்தே, தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்பதற்காக அவரைக் கட்டிக்கொள்கிறாள். எத்தனை பவுன், எத்தனை குழி நிலம் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு இதைப் படிக்க அடிக்குறிப்பு தேவைப்படாது.

அதனால்தான் ஆஸ்டின் தமிழுக்குச் சுலபமாக வந்தார். ராஜீவ் மேனன் 2000இல் எடுத்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்', 1811இல் வெளியான 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலின் தழுவல். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடு கைமாற, அம்மாவும் மூன்று மகள்களும் சென்னைக்குப் பிழைக்க வருகிறார்கள். சொத்துச் சிக்கல், வேலை, ஏமாற்றம் எல்லாம் அப்படியே நம் ஊருக்குப் பொருந்தின. ஆனால் யார் என்ன சாதி என்ற கேள்வி மட்டும் அந்தப் படத்தில் எழவே இல்லை. அது எழாத வரையில்தான் நம்மால் ஆஸ்டினை இனிமையாகத் தழுவ முடிகிறது.

மூலத்திலேயே இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டார்சியின் அத்தை வந்து மிரட்டும்போது எலிசபெத் பணியவில்லை. அந்தக் காட்சி எனக்கும் பிடிக்கும். ஆனால் அவளுடைய வாதம் என்ன? டார்சி கனவான், நானும் கனவானின் மகள், ஆகவே நாங்கள் சமம் என்கிறாள். கோட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு பேசுகிற சமத்துவம் அது. 'எம்மா' நாவலைப் பாருங்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்த ஹாரியட்டைப் பெரிய இடத்தில் கட்டிவைக்க எம்மா செய்யும் முயற்சிகள் எல்லாம் அசட்டுத்தனமாக முடிகின்றன. ஹாரியட் கடைசியில் ஒரு விவசாயிக்கு மனைவியாகிறாள். அவரவர் அவரவர் இடத்தில். நாவல் நிம்மதியாக முடிகிறது.

கோட்டைக் காக்கச் சட்டமும் இருந்தது. 1753இல் இங்கிலாந்தில் வந்த திருமணச் சட்டம், 21 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. உரிமம் வாங்க முடியாதவர்கள் தேவாலயத்தில் மூன்று ஞாயிறு அறிவிப்புச் செய்ய வேண்டும். அதனால் காதலர்கள் எல்லை தாண்டி ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீனுக்கு ஓடினார்கள். லிடியாவும் அங்கேதான் போகிறாள் என்று முதலில் எல்லோரும் நம்புகிறார்கள். அவளுக்குப் பதினாறு வயதுதான், அது தனி விவாதம். ஆனால் சட்டப்படி வயது வந்த இருவருக்கே நம் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் 30 நாள் அறிவிப்பு ஒட்டுகிறது. அந்தத் தாள் யாருக்குத் தகவல் சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியும். புரோகிதரும் இந்த அறிவிப்பும் இல்லாமல் மணம் முடிக்க வழி செய்தது, அண்ணா ஆட்சி 1967இல் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தம்.

இதற்கு மேல் ஆஸ்டினின் உலகமும் நம் உலகமும் பிரிகின்றன. விக்ஹாம், டார்சி வீட்டு நிர்வாகியின் மகன். டார்சி பணம் கொடுத்துக் கடனை அடைக்கிறான், கல்யாணம் நடக்கிறது, அந்தத் தம்பதி பிறந்த வீட்டுக்கு விருந்துக்கே வருகிறார்கள். அங்கே பணம் பள்ளத்தை நிரப்புகிறது. இங்கே? 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்ட கவின் செல்வகணேஷ் மென்பொருள் பொறியாளர். படிப்பும் வேலையும் சம்பளமும் அவருக்குப் பாதுகாப்பு தரவில்லை. தேனியிலிருந்து மதுரை போகும் வழியில் உசிலம்பட்டியைக் கடக்கிறோம். தலித் இளைஞரைத் திருமணம் செய்த அந்தப் பகுதிப் பெண் விமலாதேவி 2014இல் கொல்லப்பட்டார். அவர் கணவர் தொடுத்த வழக்கில்தான், மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அகமணமே சாதியின் உயிர் என்று அம்பேத்கர் 1916லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் காட்டினார். இதோடு நிலத்தையும் சேர்த்துப் பாருங்கள். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1989இல் தமிழ்நாடும் 2005இல் ஒன்றிய அரசும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கொடுத்துச் சட்டம் திருத்தின. பென்னட் வீட்டுப் பெண்களுக்கு இல்லாத உரிமை கம்பத்துப் பெண்ணுக்குச் சட்டத்தில் இருக்கிறது. அதனாலேயே அவள் யாரைக் கட்டுகிறாள் என்பது, நிலம் எந்தச் சாதிக்குப் போகும் என்ற கேள்வியாகவும் ஆகிவிட்டது. காவல் இன்னும் இறுகுகிறது.

அப்படியென்றால் ஆஸ்டினைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். எலிசபெத் இரண்டு முறை மறுக்கிறாள். கோலின்ஸை மறுக்கிறாள், பணக்கார டார்சியையும் முதலில் மறுக்கிறாள். அம்மா கத்துகிறார். அப்பா மகள் பக்கம் நிற்கிறார். வீட்டில் ஒரே ஒருவர் நின்றார், அது போதுமாக இருந்தது.

அன்று வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து கோலின்ஸைப் பார்த்துச் சிரித்தவள், மூன்றாம் ஆண்டு பாதியில் வரவில்லை. அவள் காதலிப்பது வீட்டுக்குத் தெரிந்து, பத்தே நாளில் மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். அவளுக்கு இரண்டு அண்ணன்கள். இருவரும் பட்டதாரிகள். ஒருவராவது "அவள் விருப்பத்தைக் கேளுங்கள்" என்று சொன்னதாகத் தெரியவில்லை. நாங்கள், கூடப் படித்தவர்களும், போய்க் கேட்கவில்லை. அந்தக் குற்றவுணர்வோடுதான் இதைப் பேசுகிறேன்.

சாதி ஆணவக் கொலைகளுக்குத் தனிச்சட்டம் வேண்டும். அதைப் பரிந்துரைக்க நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. சட்டம் வரும்வரை நாம் விடக்கூடாது. கூடவே, இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அக்காவோ தங்கையோ "வேண்டாம்" என்றாலும் "இவர்தான் வேண்டும்" என்றாலும், வீட்டில் அவள் பக்கம் நிற்கும் அந்த ஒருவராக இருங்கள். அது முடியாதென்றால், நாவலைப் படிக்கும்போது கோலின்ஸைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

ஜெய்பீம்.