பாறையைக் காயப்படுத்தாத ஏற்றம்

(இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மலை என்றதும் நம்மவர் மனக்கண் முன் முதலில் தோன்றுவது சிவனொளிபாதமலை. 2,243 மீற்றர் உயரமான அம்மலையின் உச்சியை இன்று நாம் படிகளால் அடைகிறோம். முற்காலத்து யாத்திரிகரோ செங்குத்தான இடங்களில் இருப்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறினர். 1344ஆம் ஆண்டில் இங்கு வந்த இபின் பதூதா அச்சங்கிலிகளைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார். சிகிரியாவில் ஐந்தாம் நூற்றாண்டிலே காசியப்ப மன்னன் பாறையை வெட்டி வழி அமைத்தான். சிங்கப் பாதங்களுக்கு மேலே, படிகளுக்காக வெட்டிய குழிகளை இன்றும் காணலாம்.

இவ்விரண்டு இடங்களிலும் மனிதன் தான் ஏறுவதற்காகப் பாறையை மாற்றினான். அதில் குற்றமில்லை. முதியோரும் சிறுவரும் உச்சியை அடைய வேண்டுமன்றோ? ஆயினும் பாறையை மாற்றாது, தன்னைப் பாறைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு ஏறும் முறையொன்றும் உலகில் உண்டு. அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில் இந்தியன் கிரீக் என்றோர் இடம் இருக்கிறது. செந்நிற மணற்கல் அங்கே சுவர்போல் எழுந்து நிற்கிறது. அச்சுவர்களில் நெடுக்காக வெடிப்புகள் ஓடுகின்றன. சில வெடிப்புகளில் முழு உடம்பும் புகும். சிலவற்றில் கை புகும். சிலவற்றில் விரல்கள் மாத்திரமே புகும். இந்த விரல் வெடிப்பு வழிகளுள் சில நல்ல தென்னையொன்றின் உயரந்தான். குறுகிய வழிதானே என்று எண்ணிவிடலாகாது. பிடிப்பதற்கு வேறொன்றும் இல்லாத சுவரில் அந்த வெடிப்பொன்றே கதி.

விரல்களை உள்ளே செலுத்தி, பெரும்பாலும் பெருவிரல் கீழ்நோக்க, முழங்கையைத் தாழ்த்தித் திருகினால், வெடிப்பு ஒடுங்கும் இடத்தில் விரல்கள் பூட்டுப் போல் இறுகிக்கொள்ளும். பலமாகப் பற்றுவதால் அன்று, சரியாகப் பொருந்துவதால் உடம்பு நிற்கிறது. சப்பாத்தின் நுனியையும் அவ்வாறே வெடிப்பில் வைத்துத் திருகி, பாரத்தைக் கால்களில் ஏற்ற வேண்டும். கையை மட்டும் நம்பியவன் பாதி வழியில் களைத்துவிடுவான்.

இனி, கயிற்றின் கதை. முன்னே ஏறுபவன் இடையில் கயிற்றைக் கட்டிக்கொள்கிறான். கீழே நிற்கும் தோழன் அதனைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கிறான். ஏறுபவன் செல்லும் வழியில் வெடிப்பினுள் ஆப்புப் போன்ற உலோகத் துண்டுகளை வைத்து, அவற்றில் கயிற்றைக் கொளுவுகிறான். கடைசி ஆப்புக்கு ஐந்தடி மேலே கை வழுவினால் ஐந்தடியில் நிற்கமாட்டான். ஆப்புக்குக் கீழேயும் ஐந்தடி, அதாவது பத்தடியும் கயிறு இழுபடும் நீளமும் வீழ்வான். ஆப்பைப் பிழையாக வைத்திருந்தால் அதுவும் கழன்று வரும். ஆகவே அவன் உயிர் இரண்டில் தங்கியிருக்கிறது: தன் கைவேலையின் நேர்மை, தோழனின் விழிப்பு. பின்னால் ஏறுபவன் அத்துண்டுகளை எல்லாம் கழற்றி எடுத்து வருவான். மரபுவழி ஏற்றம் என்பது இதுவே.

இந்த ஆப்பின் பிறப்பு இரத்மலானை வாசிகளாகிய நமக்குச் சுவையானது. பிரித்தானிய மலையேறிகள் முதலில் கூழாங்கற்களை வெடிப்பில் செருகி அவற்றைச் சுற்றிக் கயிற்றைக் கட்டினர். பின்னர், 1950களில், சினோடன் மலைக்குச் செல்லும் புகையிரதப் பாதையோரம் கிடந்த நட்டுகளைப் பொறுக்கி, உட்புரியை அராவி, கயிறு கோத்துப் பயன்படுத்தினர். நம் ஊர்ப் புகையிரதத் தொழிற்சாலையில் நாளும் புழங்கும் அதே சாதாரண நட்டுத்தான் மனித உயிரைத் தாங்கியது!

அக்காலத்தில் அமெரிக்காவில் வேறு முறை நிலவியது. உருக்கு ஆணிகளை வெடிப்பில் அடித்து ஏறுவர். பின்வருபவன் அவற்றைத் தட்டிக் கழற்றுவான். அடித்துக் கழற்றி, மீண்டும் அடித்துக் கழற்றி, யொசெமிற்றிப் பள்ளத்தாக்கின் பாறைகள் புண்பட்டன. ஒடுங்கிய வெடிப்புகள் குழி குழியாக அகன்றன. இதனைக் கண்டு மனம் வருந்தியவர்களுள் ஒருவர் ஈவோன் சூனாட். அவர் யார்? 1957 முதல் அந்த ஆணிகளைத் தம் கையால் அடித்து விற்றவர்! அவருடைய வியாபாரத்தின் பெரும்பகுதி ஆணிதான். அப்படியிருந்தும் 1972ஆம் ஆண்டு விலைப்பட்டியலில் அவரும் கூட்டாளி ரொம் புரொஸ்டும் ஆணியைக் கைவிடுங்கள், கையால் செருகும் ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வேண்டினர். தம் பிழைப்புக்கே கேடு வரினும் உண்மையைச் சொன்ன அந்த நெஞ்சம் வணங்கத்தக்கது. 1978இல் றே ஜார்டின் ஆக்கிய, வெடிப்பினுள் விரிந்து பிடிக்கும் கருவி விற்பனைக்கு வந்தது. அதற்குப் 'பிரண்ட்ஸ்', அதாவது 'நண்பர்கள்', என்று பெயர். ஒடுங்காது ஒரே அகலமாய் ஓடும் பாலைவன வெடிப்புகளில் ஆப்பு நிற்பது அரிது. அங்கே இந்த நண்பர்களே துணை.

இன்னுமொன்று. மணற்கல் மழையில் நனைந்தால் பலம் குன்றும். மேற்பரப்பு உலர்ந்து தோன்றினும் உள்ளே ஈரம் இருக்கும். அப்போது ஏறினால் பாறை உடையும். காப்பாக வைத்த கருவியும் பிடுங்கி வரும். ஆகையால் நெடுந்தூரம் பயணஞ் செய்து வந்தவர்களும், பாறை உலரும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஏறும் வல்லமை இருந்தும் ஏறாதிருப்பதே அவர்களுடைய கடினமான பயிற்சி. புலனடக்கம் என்று நம் சமயம் கற்பிப்பதும் இதுவன்றி வேறென்ன?

இளைஞர்களே, இக்கதையைக் கேட்டுக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு ஓடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. தேர்ந்த ஆசானிடம் பயிலாது இதில் இறங்குவது உயிருக்கு உலை வைப்பதாகும். நாம் சொல்ல வந்தது வேறு. டிசம்பர்ப் பூரணையில் தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரை நடைபெறுகிறது. நாமும் குழுவாகச் செல்கிறோம். வழிநெடுகப் பிளாஸ்ரிக் போத்தல்களை வீசி வருவதும் நம்மவரே. பாறையில் தம் பெயரைக் கீறி வருவதும் நம்மவரே. பெயரைக் கீறினால் மலை நம்மை நினைவில் வைத்திருக்குமா? நாம்தாம் மலையை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பாலைவனத்தில் அறுபதடி ஏறியவன் தான் வைத்த கடைசித் துண்டையும் கழற்றிக்கொண்டு இறங்குகிறான். அடுத்து வருபவனுக்கு அதே பாறை, அதே வெடிப்பு, அதே சோதனை காத்திருக்கிறது. அடுத்த யாத்திரையில் நாம் ஒவ்வொருவரும் ஒரு வெறும் பையைக் கொண்டு செல்வோம், நிரப்பிக்கொண்டு இறங்குவோம். நமக்குப் பின் வருபவர், நாம் சென்றதே தெரியாதபடி அம்மலையைக் காண்பாராக.