நள்ளிரவு முதல் நோன்பு

பூசையில் நற்கருணை உட்கொள்வோர் நள்ளிரவு முதல் துளி நீரும் பருகலாகாது என்பது கத்தோலிக்கரிடையே நெடுங்கால விதியாக இருந்தது. ஆனால், அதனை முதன்முதற் பெற்ற சீடர்களோ இராப்போசனப் பந்தியில் உண்டுகொண்டிருந்தவர்கள்! இதனை அர்ச். அகுஸ்தினாரே நன்கறிவார். ஏறத்தாழ 400ஆம் ஆண்டில் வரைந்த மடலொன்றில், அவ்வுணவின் மேன்மை கருதி வெறுவயிற்று வழக்கமே திருச்சபையெங்கும் நிலவுவதாக அவர் விடையிறுத்தார். அவ்வாறாயின் மரபு எது? பந்தியா, நோன்பா?

1953இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், நீர் நோன்பை முறிக்காது என விதித்தார். நோயாளரும் இராவேலை செய்வோரும் அவர் கருத்தில் இருந்தனர். 1957இல் திட உணவுக்கு 3 மணி நேர விலக்கே போதுமென்றாயிற்று. 1964இல் அதுவும் 1 மணியாகக் குறைந்தது. மரபு சிதைந்ததென வருந்தினோர் உளர். அவர்தம் வருத்தம் பொய்யன்று. எனினும், விடியுமட்டும் உழைத்து வந்தவன் நாவறட்சியோடு கோயிலின் பின்வரிசையில் ஒதுங்கி நிற்கவேண்டிய நிலை நீங்கிற்று.