தமனித் தடிப்பும் இளைஞரும்



முதுமையின் நோயொன்றைப் பற்றி இளைஞராகிய உங்களிடம் பேச வந்ததேன் என்று நீங்கள் வியக்கலாம். காரணம் இதுதான்: இந்நோய் வெளிப்படுவது முதுமையில், தொடங்குவதோ இளமையில்.

இதயத்திலிருந்து உறுப்புகளுக்குக் குருதியைக் கொண்டு செல்லும் குழாய்களுக்குத் தமனிகள் என்று பெயர். நல்ல தமனியின் உட்புறம் வழவழப்பானது. அதன் சுவர் இதயத் துடிப்புக்கேற்ப விரிந்து சுருங்கும். குருதியில் கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் மிகுந்தால், அஃது அச்சுவரினுள் சிறிது சிறிதாகப் புகுந்து தங்குகிறது. நாளடைவில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் சேர, சுவர் தடித்து இறுகுகிறது, வழி குறுகுகிறது. தூர்ந்த வாய்க்காலை இதற்கு ஒப்பிடலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வாய்க்காலில் வண்டல் தரைமேல் படிகிறது. தமனியிலோ கொழுப்பு கரையினுள்ளேயே புகுந்துவிடுகிறது. ஆகையால் தூர் வாருவதுபோல் அதனை எளிதில் அகற்ற இயலாது.

அப்படிவு வெடித்தால், அதன்மேல் குருதி உறைந்து வழியை அடைக்கும். இதயத் தமனி அடைபட்டால் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் தமனி அடைபட்டால் பக்கவாதம். கால் தமனி குறுகினால், சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் வலி எடுக்கும், நின்றால் தணியும்.

கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்கப் போர்வீரரின் இதயங்களை ஆராய்ந்த மருத்துவர் மூவர், தம் முடிவை 1953-இல் வெளியிட்டனர். அவ்வீரரின் சராசரி வயது ஏறத்தாழ 22. எனினும், நால்வரில் மூவர் என்னும் அளவுக்கு, இதயத் தமனிகளில் இந்நோயின் அடையாளம் காணப்பட்டது!

1948-இல் அமெரிக்காவின் பிராமிங்ஹாம் என்னும் ஊரில் 5,209 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கிற்று. புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், மிகுந்த கொலஸ்டிரால், நீரிழிவு ஆகியவை இந்நோய்க்கு வழிகோலுவன என்பதை அவ்வாய்வு தெளிவாக்கிற்று. பரம்பரையும் ஒரு காரணமே. அதனை மாற்றுதல் நம் கையில் இல்லை. ஏனையவற்றைத் தவிர்க்கவோ கட்டுப்படுத்தவோ நம்மால் இயலும்.

என் கதையையும் மறைக்காமல் கூறுகிறேன். ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் விளையாட்டாகத் தொடங்கிய சிகரெட்டுப் பழக்கம், முப்பது ஆண்டுகள் என்னை விடவில்லை. புகையின் தீமைகளைக் கரும்பலகையில் எழுதியவனும் நானே. மாலையில் புகைத்தவனும் நானே. ஓய்வு பெற்ற ஆண்டில், மாடிப்படி ஏறுகையில் மார்பை அழுத்திய வலி என்னை மருத்துவரிடம் கொண்டு சேர்த்தது. “இந்நோய் எப்பொழுது வந்தது?” என்று வினவினேன். “உங்கள் இருபது வயதிலேயே தொடங்கியிருக்கும், ஐயா” என்றார் அவர்.

மருந்து என்னைக் காத்து வருகிறது. ஆனால் இறுகிய தமனி பழைய இளமையை அடைவதில்லை. நீங்களோ இன்னும் தொடக்கத்தில் நிற்கிறீர்கள். நாள்தோறும் ஓடியாடி விளையாடுங்கள். எண்ணெய்ப் பலகாரத்தையும் உப்பையும் அளவோடு கொள்ளுங்கள். காயும் கனியும் பயறும் மிகுதியாக உண்ணுங்கள். நண்பன் ஒருவன் சிகரெட்டை நீட்டினால், ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். அன்று நான் சொல்லத் தவறிய சொல் அது.