படித்தது எதற்காக?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

1971-ல் இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தேன். பிறகு ஓய்வு பெறும்வரை பேங்க் உத்தியோகம். "படிச்ச பிசிக்ஸ் எதுக்குடா உதவுச்சு?" என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அப்படிச் சிரிக்க முடியவில்லை.

அப்போது கடலூரில் வேலை. அன்று ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் நில அதிர்ச்சி என்று டி.வி.யில் கேட்டுவிட்டுத்தான் கடற்கரைக்கு நடக்கப் போனேன். ஓர் அலை வழக்கத்தை மீறி ஏறி வந்தது. பிறகு கடல் வெகுதூரம் உள்வாங்கியது. எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்த மீனவத் தம்பி ஒருவர், "சார், நீங்க படிச்சவங்க. கடல் ஏன் சார் இப்படிப் போகுது?" என்று கேட்டார். "இன்னைக்குப் பௌர்ணமி இல்லையா, அதனால இருக்கும்" என்றேன். பௌர்ணமி என்பது உண்மை. பதில்தான் தப்பு.

அவரும் அவர் அண்ணனும் படகைப் பார்க்க இறங்கினார்கள். நான் சாலைக்குத் திரும்பியிருந்ததால் பிழைத்தேன். தம்பி ஒரு தென்னையைப் பற்றிக்கொண்டு தப்பினார். அண்ணன் வரவில்லை. அந்தத் தம்பி ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுவே எனக்குப் பெரிய பாரம்.

நண்பர்களே, அந்த அலையின் விதி எனக்குத் தெரிந்ததுதான்! நீரின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், நீண்ட அலையின் வேகம் கிடைக்கும். 3,000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 600 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் சுமார் 35. வேகம் குறையக் குறைய அலை உயர்ந்து எழும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். காலை 6.29-க்குச் சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரம் பிடித்தது. அதிர்ச்சியையும் கடலையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள்.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி நுரைத்துப் பொங்கிய கடலைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன் பூகோள வகுப்பில் கேட்ட பாடம் நினைவுக்கு வந்தது. பெற்றோரிடம் பிடிவாதம் பிடித்தாள். அந்தக் கரையிலிருந்த சுமார் 100 பேர் பிழைத்தார்கள்.

மாணவர்களே! இயற்கை விதி, கேள்வித்தாள் மாதிரி எண் போட்டுக்கொண்டு வராது. பேர் சொல்லாமல் எதிரே வந்து நிற்கும்போது அதை அடையாளம் காணவேண்டும். கல்வியின் பயன் அதுதான். 2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நல்லது. ஆனால் கடற்கரையில் நிற்பவனுக்கும் விதி தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பாடத்தைப் படித்தாலும், "இதை வெளியில எங்கே பார்ப்பேன்?" என்று ஒரு தடவை கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், "தெரியலை, எதுக்கும் தள்ளி நில்லுங்க" என்று சொல்லவும் பழகுங்கள். அன்று நான் அதையாவது சொல்லியிருக்கலாம்.